கடவுச்சொல் சரி, பிழைச் செய்தி பொய்: மின்னஞ்சல் டிரெக்டரி ஒத்திசைவில் பழுது தேடுதல்

“பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.” இந்த வரி திரையில் தோன்றியதும் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே வேலைதான் நடக்கும்: கடவுச்சொல்லை மாற்றிவிடுவார்கள். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள் என்று சொல்வதற்கே இந்த அத்தியாயம். டிரெக்டரி ஒத்திசைவு நடக்கும் அலுவலகத்தில் கடவுச்சொல் முற்றிலும் சரியாக இருந்தும் வேறு காரணத்துக்காக நுழைவு மறுக்கப்படலாம். அப்போதும் திரையில் வருவது இதே வரிதான். காரணம் தெரியாமல் மாற்றினால், இருந்த பழுதோடு இன்னொன்றும் சேரும்.

றக்வானவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. காலியிலிருந்து தெனியாய, சூரியகந்த வழியாக மலையேறி, றக்வானவைத் தொட்டு மாதம்பே போகும் ஏ17 வீதியிலும் அதற்கு மேலுள்ள மலைகளிலும் தேயிலைத் தோட்டங்கள். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. தோட்டம் மலையில், தலைமை அலுவலகம் பெரும்பாலும் கொழும்பில் என்ற அமைப்பில் செக்ரோல், கொழுந்து நிறை, சம்பளக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி விவரம் எல்லாம் மின்னஞ்சலில் போகத் தொடங்கின. கிளாக்கரின் கணக்கு 8ஆம் திகதி அடைபட்டால் 10ஆம் திகதிச் சம்பளம் தடுமாறும். கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்கு நாள் செல்லும். அதற்குள் பழி, அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கும் பிள்ளையின் தலையில் விழுந்துவிடும்: “சரியாகத் தட்டத் தெரியவில்லை.” அந்தப் பிள்ளையின் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். இந்த வகைப் பழுதில் ஆதாரம் ஓர் எண்ணாகவே இருக்கிறது.

கடவுச்சொல் எங்கெங்கே இருக்கிறது

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். தலைமை அலுவலகத்தில் எக்டிவ் டிரெக்டரி என்ற பெயர்ப் பதிவேடு இருக்கும். தோட்டத்துச் செக்ரோல் போல, யார் இருக்கிறார், எந்தப் பிரிவில் இருக்கிறார், யார் விலகினார் என்பதெல்லாம் அதில். மின்னஞ்சல் பெட்டியோ மைக்ரோசொஃப்ட்டின் அல்லது கூகுளின் சேர்வரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒத்திசைவு மென்பொருள் ஒன்று ஓடி, இங்குள்ள மாற்றத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மைக்ரோசொஃப்ட்டின் என்ட்ரா கனெக்ட் பெயர் விவரங்களை இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை கொண்டுபோகும். கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் குறியை 2 நிமிடத்துக்கு ஒரு முறை. கூகுள் பக்கம் வேறு மாதிரி. கூகுள் கிளவுட் டிரெக்டரி சிங்க் பெயர்களை மட்டும் கொண்டுபோகும். எக்டிவ் டிரெக்டரியின் கடவுச்சொல்லைத் தொடாது. அதற்குப் பாஸ்வேர்ட் சிங்க் என்ற தனிக் கருவியை, டிரெக்டரியை வைத்திருக்கும் சேர்வரான டொமைன் கன்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் நிறுவ வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், அந்தக் கன்ட்ரோலர் வழியாக மாற்றப்பட்ட கடவுச்சொற்கள் மட்டும் கூகுளுக்குப் போகாது. நாலு பேருக்குச் சரி, ஐந்தாமவருக்குத் தவறு என்ற விசித்திரம் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆக, ஒரே ஆளின் கடவுச்சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதோடு ஒத்திசைவு மென்பொருளுக்கென்று தனிக் கணக்கும் அதற்கொரு கடவுச்சொல்லும் உண்டு. எனவே முதல் கேள்வி: மறுக்கப்பட்டவர் யார்? கிளாக்கரா, மென்பொருளா?

மென்பொருளின் கணக்கு மறுக்கப்பட்டால் முதல் நாளில் யாருக்கும் தெரியாது. பழைய கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் நுழைவார்கள். கடவுச்சொல்லை மாற்றியவர் மட்டும் மாட்டிக்கொள்வார். அவருடைய புதிய சொல் மின்னஞ்சல் சேர்வருக்குப் போயிருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பழைய கடவுச்சொல்லால் மின்னஞ்சலுக்குள் போக முடிகிறதா என்று அவரையே முயன்று பார்க்கச் சொல்வது. முடிந்தால் ஒத்திசைவு நின்றிருக்கிறது. ஆளின் மீது குற்றமில்லை. சொல்லை உங்களிடம் சொல்லச் சொல்லாதீர்கள், அவரே தட்டட்டும். கடவுச்சொல் மாற்றி ஒரு மணித்தியாலமாவது போன பிறகு இதைச் செய்வது நல்லது. விண்டோஸ் டொமைனில் சில வழி நுழைவுகளுக்குப் பழைய சொல் 60 நிமிடம் வரை செல்லுபடியாகும். அவசரப்பட்டால் முடிவு குழப்பும்.

மென்பொருளின் கணக்கு ஏன் மறுக்கப்படுகிறது? பெரும்பாலும் காலாவதி. விண்டோஸ் டொமைனின் இயல்பு விதிப்படி கடவுச்சொல்லின் ஆயுள் 42 நாள். அமைத்தவர் இந்தக் கணக்குக்கு விலக்குக் கொடுக்க மறந்திருந்தால், ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடும், பிறகு ஒரு காலையில் நின்றுவிடும். ஒன்றரை மாதம் நன்றாக வேலை செய்தது, யாரும் எதையும் தொடவில்லை என்று கேள்விப்பட்டால் நாட்காட்டியை எடுத்து நாட்களை எண்ணுங்கள்.

லொக்கில் இருக்கும் எண்

திரையில் வரும் வரி மழுப்பலாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. “அப்படி ஒரு பயனர் இல்லை”, “கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறது” என்று சேர்வர் உள்ளதை உள்ளபடி சொன்னால், பெயர்களை ஊகித்துத் திருட முயல்பவனுக்கு அது உதவியாகிவிடும். அதனால் எல்லா மறுப்புக்கும் ஒரே முகம். எல்டாப் என்ற டிரெக்டரி நெறிமுறை 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பணியில் உருவானது; ஒத்திசைவு மென்பொருள்களில் பல இன்றும் அதில்தான் பேசுகின்றன. அதில் இந்த மறுப்புக்கு 49 என்று எண். ஓப்பன்எல்டாப் சேர்வரில் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தாலும் 49தான் வரும்.

எக்டிவ் டிரெக்டரி மட்டும் ஒரு படி கூடுதலாக உண்மை சொல்கிறது. நுழைவு முயற்சிகளைப் பதிந்துவைக்கும் லொக்கில் 49க்குப் பின்னால் நீளமான ஒரு வரி, அதன் நடுவில் ‘டேட்டா’ என்ற சொல், அதையடுத்து ஓர் எண். அந்த எண்ணைத் தேடிப் பிடியுங்கள். 52 என்ற எண்ணோடு ஆங்கில ‘ஈ’ எழுத்து ஒட்டியிருந்தால்தான் கடவுச்சொல் பொருந்தவில்லை என்று பொருள். 525 என்றால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. 530 இந்த நேரத்தில் நுழைய அனுமதியில்லை, 531 இந்தக் கணினியிலிருந்து அனுமதியில்லை. 532 கடவுச்சொல் காலாவதி, 533 கணக்கு முடக்கப்பட்டது, 701 கணக்கே காலாவதி. 773 அடுத்த நுழைவில் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். 775 கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறது. இத்தனையிலும் கடவுச்சொல் உண்மையிலேயே பொருந்தாதது ஒன்றே ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் திரையில் நீங்கள் பார்ப்பது அதே வரி.

525 வந்தால் யாராவது டிரெக்டரியை ஒழுங்குபடுத்தினார்களா என்று விசாரியுங்கள். ஒரு தோட்டத்தை ஒரு பிராந்தியப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டால், அதற்குள் இருக்கும் ஒவ்வொருவரின் முழு டிரெக்டரிப் பெயரும் மாறிவிடும். ஒத்திசைவு மென்பொருளின் அமைப்பில் பழைய முழுப்பெயர் எழுதியிருந்தால், அன்றிலிருந்து அதற்கு மறுப்புத்தான். மென்பொருளின் கணக்கை முழுப்பெயரால் குறிக்காமல், மின்னஞ்சல் போன்ற வடிவில் இருக்கும் யூபிஎன் பெயரால் குறித்தால் எக்டிவ் டிரெக்டரியில் இந்தத் தொல்லை இல்லை.

எண் கிடைத்த பிறகு, ஒத்திசைவு மென்பொருளை ஒதுக்கிவைத்து வேறொரு கருவியால் அதே கணக்கைப் பரிசோதியுங்கள். விண்டோஸ் சேர்வரில் எல்டிபி, லினக்ஸில் எல்டாப்சேர்ச். லினக்ஸில் கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை எழுதினால் டொலர் குறி, ஆச்சரியக் குறி போன்றவற்றை ஷெல் தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நல்ல கடவுச்சொல்லும் தவறாகிவிடும். சின்ன டபிள்யூ போடாமல் பெரிய டபிள்யூ போட்டால் கருவி தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெட்டியைக் காலியாக விட்டு அழுத்திவிடாதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் வந்தவரைச் சில சேர்வர்கள் பெயர் தெரியாதவராக உள்ளே விட்டு ‘வெற்றி’ என்று காட்டும், அது வெற்றியல்ல. வேறு கருவியில் நுழைய முடிந்து, ஒத்திசைவு மென்பொருளில் முடியவில்லை என்றால், பழுது மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது.

மாற்றிக்கொண்டே இருக்கும் சுழல்

773ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிக நேரத்தை வீணாக்கும் பழுது இதுதான், அதை உண்டாக்குவதும் உதவ நினைப்பவரே. தோட்டத்திலிருந்து தொலைபேசியில், “ஐயா, பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை” என்றால், “ரீசெட் பண்ணிவிட்டேன் தம்பி, இப்போது போட்டுப் பாருங்கள்” என்ற பதில் வரும். ரீசெட் செய்யும் பெட்டியில் ‘அடுத்த நுழைவில் பயனர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்’ என்ற இடத்தில் சரி அடையாளம் இட்டிருப்பார். பாதுகாப்புக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் தோட்டத்துக் கணினி டொமைனில் சேர்க்கப்படாதது. அந்தப் பிள்ளைக்கு மின்னஞ்சல் திரை மட்டுமே வழி. எல்டாப் மூலம் சரிபார்க்கும் மின்னஞ்சல் மென்பொருளுக்குக் கடவுச்சொல்லை மாற்றக் கேட்கத் தெரியாது, மறுத்துவிடும். என்ட்ரா கனெக்ட்டும் இப்படித் தற்காலிகமாகக் கொடுத்த சொல்லை, அதற்கென்று தனியாக அமைக்காத வரை, மேலே அனுப்புவதில்லை. ஆகவே கொழும்பில் கொடுத்த புதிய சொல் றக்வானவில் தவறு. மறுபடி தொலைபேசி, மறுபடி ரீசெட், மறுபடி அதே சரி அடையாளம்.

இதற்கிடையில் பெரிய துரையின் கைப்பேசியிலோ அலுவலகத்துப் பழைய கணினியிலோ சேமித்துவைத்த பழைய சொல், யாரும் தொடாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றுகொண்டிருக்கும். பூட்டும் விதி இருக்கும் டொமைனில் அது 775ஐக் கொண்டுவரும். பூட்டைத் திறந்தாலும் சற்று நேரத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்பு லொக்கில் 4740 என்ற நிகழ்வைத் திறந்தால், எந்தக் கணினி வழியாகப் பூட்டு விழுந்தது என்று பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துப் போய், சேமித்த சொல்லை அழிப்பதுதான் மருந்து. கடவுச்சொல்லை மாற்றுவது இந்த நோயை வளர்க்கும்.

கடிகாரம்

கெர்பரோஸ் என்ற நுழைவுச் சரிபார்ப்பு முறையில் நுழையும் மென்பொருள்களுக்குக் கடிகாரம் முக்கியம். இரு பக்கத்துக் கடிகாரங்களும் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால், கடவுச்சொல் எவ்வளவு சரியானாலும் நுழைவு இல்லை. பல மென்பொருள்கள் அதையும் ‘கடவுச்சொல் தவறு’ என்றே காட்டும். கன்ட்ரோலரின் லொக்கில் 4771 என்ற நிகழ்வைப் பாருங்கள். பதினாறடிமான எண்ணில் 18 என்றிருந்தால் உண்மையிலேயே கடவுச்சொல் பொருந்தவில்லை. 25 என்றிருந்தால் கடிகாரம்.

இலங்கையில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முந்தியதாக்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அது ஆறு ஆனது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரைக்கு வந்தது. 2006க்கு முந்திய விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயர் ஆறு மணித்தியாலத்துக்கு நேரே இருந்தது. புதுப்பிக்காத பழைய இயந்திரங்களில் அப்படியே தங்கிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்தக் கணினியின் முட்களைச் சரிசெய்தவருக்குத் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் கெர்பரோஸ் பார்ப்பது உலக நேரத்தை. வலயம் ஆறு, முள் ஐந்தரை என்றால் உள்ளே அரை மணித்தியாலம் பிழை. நேரம் சரியா என்று மட்டும் பார்க்காதீர்கள், நேர வலயத்தையும் பாருங்கள். விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளை உண்மை வேறுபாட்டை நொடிக் கணக்கில் காட்டும்.

மின்வெட்டும் கடிகாரத்தைக் கெடுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மலைப்பகுதியில் அந்த நெருக்கடி இல்லாத காலத்திலும் மழையும் இடியும் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டே இருக்கின்றன. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பின்னால் போய் விழிக்கும். அப்போது கெர்பரோஸ் மட்டுமல்ல, சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழும் ‘இன்னும் தொடங்காதது’ என்று தள்ளப்படும். மின்சாரம் வந்த காலையில் மட்டும் பிழை வருகிறது என்றால் முதலில் அந்தச் சிறு பற்றரியை மாற்றுங்கள். இரண்டாம் படிச் சரிபார்ப்புக்குக் கைப்பேசியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் குறியீடு பயன்படுத்துவோரும் கைப்பேசி நேரத்தைத் தானியங்கியில் வைக்க வேண்டும். அந்தக் குறியீடும் நேரத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

இணைப்பு அறுவதும் இதற்கு உறவுதான். ஒரு கன்ட்ரோலரில் மாற்றிய சொல் வேறு தளத்திலுள்ள கன்ட்ரோலருக்கு இயல்பு அமைப்பில் 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நகர்த்தப்படுகிறது. இடைவெளியில் சந்தேகம் வந்தால் அந்தக் கன்ட்ரோலர் முதன்மைக் கன்ட்ரோலரைக் கேட்டுக்கொள்ளும். இணைப்பு இல்லை என்றால் கேட்க ஆளில்லை; தன்னிடமுள்ள பழையதை வைத்துப் புதியதைத் தவறு என்று சொல்லிவிடும்.

தட்டும்போது மாறும் எழுத்து

கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தட்டும் அலுவலகக் கணினியில் எந்த விசைப்பலகை இயங்குகிறது என்பது புள்ளிகளில் தெரியாது. பயனர் பெயர்ப் பெட்டியில் ஒரு முறை தட்டிப் பார்த்து அழித்துவிடுவது இதற்குப் போதும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.

கடவுச்சொல்லையே தமிழில் வைத்தவர்களுக்கு நுட்பமான சிக்கல் ஒன்று. யுனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே எழுத்தாக, அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அதேபோல் ‘ஔ’ ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், ‘ஒ’வும் ‘ள’ போலத் தோன்றும் ஔகாரக் குறியும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஒரு விசைப்பலகையில் வைத்த சொல்லை இன்னொன்றில் தட்டினால் ஹேஷ் பொருந்தாது. கடவுச்சொற்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும் என்று சர்வதேச இணைய நியமங்கள் சொல்கின்றன. எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. தமிழில் கடவுச்சொல் வைக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் இரண்டு சேர்வர்களைக் கடக்க வேண்டிய கணக்குக்கு, நினைவில் நிற்கும் நீளமான தமிழ்த் தொடரை ஆங்கில எழுத்தில் தட்டுவதே இன்றைக்குப் பாதுகாப்பு.

வட்ஸ்அப்பில் கடவுச்சொல் அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாதுகாப்புக் கேடு ஒரு பக்கம், எழுத்தும் மாறிப்போகும். ஒரு சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி இருந்தால் வட்ஸ்அப் அந்தக் குறிகளை மறைத்துச் சொல்லைத் தடித்த எழுத்தாகக் காட்டும். அடிக்கோடுகள் இருந்தால் சாய்வெழுத்து. பார்த்துத் தட்டுபவருக்கு அந்தக் குறிகள் கிடைக்கவே கிடைக்காது. கைப்பேசி விசைப்பலகை முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், கடைசியில் ஓர் இடைவெளியை ஒட்டும். வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்தால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும்.

பெயர்

நம் மக்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது ஒரே வடிவில் நிற்பதில்லை. லெட்சுமி என்ற பெயருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் மூன்றாவது. கணக்கு எதன்படி திறக்கப்பட்டதோ அதைத்தான் தட்ட வேண்டும். வேறொன்றைத் தட்டினால் ஆள் இல்லை, அதற்கும் ‘கடவுச்சொல் தவறு’ என்ற பதில்தான்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் இன்னும் சிக்கல். இரண்டாமவரின் யூபிஎன் முதலாமவருடையதோடு மோதினால், மைக்ரோசொஃப்ட்டின் மேகச் சேர்வர் அதை ஒதுக்கிவைத்து, பெயரோடு நான்கு இலக்க எண் சேர்த்து, ஒன்மைக்ரோசொஃப்ட் என்று முடியும் வேறொரு முகவரியில் கணக்கைத் திறக்கும். அவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவர் தன் பெயரைத் தட்டுவார், அது மற்றவருடைய கணக்கு, கடவுச்சொல் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு முறைகூட நுழைய முடியவில்லை என்றால், நிர்வாகியிடம் ஒத்திசைவுப் பிழைப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

2022க்குப் பிறகு

பழைய கருவிகளுக்கு ஒரு குறிப்பு. 2022 மே 30 முதல் கூகுள் தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பழைய செயலிகளை நிறுத்தியது. மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு ஒக்டோபர் 1 முதல் எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில் அதே வேலையைத் தொடங்கியது. அவுட்லுக் 2010க்குப் புதிய முறை தெரியாது. எத்தனை முறை சரியாகத் தட்டினாலும் கடவுச்சொல் பெட்டி திரும்பத் திரும்பக் கேட்கும். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் பழைய இயந்திரங்களும் இப்படித்தான். கூகுள் கணக்கில் இரண்டாம் படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் இயந்திரம் பிழைக்கும். பழைய அவுட்லுக்கை மாற்றத்தான் வேண்டும்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதுவது

“பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை” என்ற வாக்கியத்தை இனி எழுதாதீர்கள். அதற்கு ரீசெட் மட்டுமே பதிலாக வரும். இப்படி எழுதுங்கள்: “இன்று காலை 8.40க்கு இந்தக் கணக்கில், அலுவலகத்து இரண்டாம் கணினியிலிருந்து நுழைவு மறுக்கப்பட்டது. பழைய கடவுச்சொல்லால் நுழைய முடிகிறது. கணினியின் நேரமும் வலயமும் சரி. அந்த நிமிடத்து லொக்கில் 49க்குப் பின்னால் வரும் டேட்டா எண்ணைப் பார்த்துத் தெரிவியுங்கள். அதற்கு முன் ரீசெட் செய்ய வேண்டாம்.” நேரத்தை நிமிடத்தோடு கொடுங்கள், லொக்கில் தேடுபவருக்கு அது இல்லாமல் முடியாது. எழுதியதற்கு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பழுது பார்க்க எந்த நிர்வாகிக்கும் அது தேவையில்லை.